சபையா, கார்மேலா, கல்யாணமா: அக்கா மகளுக்குச் சொன்னது

அக்கா மகள் காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். பொங்கல் லீவில் தேவகோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், நான் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அடுப்படிக்கு வந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "சித்தி, நான் சிஸ்டரா போகலாம்னு நினைக்கிறேன், அம்மாட்ட இன்னும் சொல்லல" என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டேன். அதே வாரத்தில்தான் அவளுக்கு ஒரு வரனும் வந்திருந்தது. பையன் சிங்கப்பூரில் வேலை, தெரிந்த குடும்பம், மே மாசம் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. போன லீவில் முகாமுக்குப் போய்வந்த ஒரு கன்னியர் சபையிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது, ஜூனில் சேரலாம் என்று. குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து மடத்தை விட்டு வெளியே வராமல் செபத்திலேயே வாழும் கார்மேல் மடமும் அவள் மனசில் ஓடுகிறது. இதெல்லாம் எதற்கு, பி.எட். முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே முடிவு பண்ணு என்று காலேஜில் ஒரு மிஸ் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு நானும் ஒரு சபையில் சேர்ந்தேன், இரண்டரை வருஷம் இருந்தேன், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலமான நவதுறவில் பாதியில் வெளியே வந்தேன். இன்றைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை. உள்ளே இருந்த வாழ்க்கையையும் நேசித்தேன், இதையும் நேசிக்கிறேன். எங்கள் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் ஒன்று சந்தோஷத்தில் அழுவார்கள், இல்லை கோபத்தில் அழுவார்கள், உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அவளோடு அன்று இரவும் அதற்குப் பிறகு போனிலும் பேசியதை, இதே யோசனையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

அவள் சொன்ன முதல் காரணம் இது: "எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும் சித்தி, அந்தச் சபைக்கு நிறைய ஸ்கூல் இருக்கு." நூற்றில் தொண்ணூறு பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆஸ்பத்திரி பிடித்தவள் ஆஸ்பத்திரிச் சபை, பிள்ளைகள் பிடித்தவள் பள்ளிக்கூடச் சபை. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. வேலையைப் பார்த்துச் சபையைத் தேர்ந்தெடுக்காதே என்பதுதான் நான் அவளுக்குச் சொன்னவற்றில் முக்கியமானது. ஏனென்றால் சிஸ்டர்கள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குகளில், அதாவது வார்த்தைப்பாடுகளில், கீழ்ப்படிதல் என்று ஒன்று இருக்கிறது, எந்த வேலை, எந்த ஊர் என்பது அதற்குள் அடங்கிவிடும். நான் இருந்த மடத்தில் தாவரவியலில் எம்.எஸ்சி. படித்த ஒரு சிஸ்டர் ஆறு வருஷமாகப் போர்டிங் அடுப்படிப் பொறுப்பில் இருந்தார். காலை நாலரைக்கு எழுந்து இட்லிப் பானைகளை ஏற்றிவிட்டு, கையில் மாவு வாசனையோடு காலைச் செபத்துக்கு வந்து நிற்பார். அவர் முகத்தில் ஒரு குறையையும் நான் பார்த்ததில்லை. அதே வீட்டில் பாடம் நடத்தவென்றே வந்த இன்னொரு சிஸ்டரைக் கணக்கெழுதப் போட்டார்கள், அவர் ஒரு வருஷத்தில் வாடிப்போனார். பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் டீச்சராகவே இருக்கலாம், அதற்கு வார்த்தைப்பாடு தேவையில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் சிஸ்டர்கள் வாங்குகிற சம்பளம்கூட அவர்கள் கையில் நிற்பதில்லை, சபைக்குத்தான் போகிறது. அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 நவம்பரில் பிடிக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. ஏழ்மை வார்த்தைப்பாடு என்பதைக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல உதாரணம் என்று அவளிடம் சொன்னேன்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? வேலை மாறினாலும் மாறாததை வைத்து. ஒரு நாளில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எப்படிச் செபிக்கிறார்கள். எத்தனை பேர் ஒன்றாக இருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் என்ன பேசுகிறார்கள். வயசான சிஸ்டர்களை எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள். மடத்துத் தலைவியான மதருக்கும் இளையவளுக்கும் கருத்து வேறுபட்டால் என்ன நடக்கிறது. முப்பது வருஷம் கழித்தும் அவள் தினமும் எதிர்கொள்ளப் போவது இதைத்தான்.

சபைகளை எடுத்துக்கொண்டால், வெளியில் வேலை செய்யும் சபைகள்தான் நம் ஊர்களில் அதிகம், அதற்குள்ளும் ரகங்கள் உண்டு. பல நாடுகளில் பரவியிருக்கும் பெரிய சபைகள் ஒரு ரகம். சலேசிய சகோதரிகள் 1922-ல் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி சபை இன்னும் விசேஷம், அது தொடங்கியதே 1877-ல் ஊட்டியில்தான். இந்த மாதிரிச் சபையில் சேர்ந்தால் பாஷை தெரியாத நாட்டுக்கு அனுப்பப்படலாம், படிக்க வாய்ப்பு வரலாம், அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஆயிரம் மைல் தள்ளி இருக்க நேரலாம். இன்னொரு ரகம் நம் மண்ணிலேயே தொடங்கிய சபைகள். திருச்சி புனித அன்னாள் சபையை 1858-ல் தொடங்கியவர் அன்னம்மாள் என்ற தமிழ் விதவை. புதுச்சேரியில் 1844-ல் தொடங்கிய மரியாவின் மாசற்ற இருதய சபை இருக்கிறது. இங்கே பேச்சும் சாப்பாடும் நம்முடையது, கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இவர்கள் ஊன்றியிருப்பதுபோல் வேறு யாரும் ஊன்றவில்லை. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தோடு நம் ஊர் நோயும் உள்ளே வரும். அதனால் சாதியைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதே என்று சொன்னேன். உள்ளே யாரும் சாதி பேசுவதில்லை என்று பதில் வரும். பொறுப்புகளில் யார் யார் இருக்கிறார்கள், யார் எப்போதும் தோட்டத்திலும் அடுப்படியிலுமே இருக்கிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். அன்னை தெரேசாவின் பிறரன்பின் மறைபரப்பாளர் சபை தனி. கன்னிமை, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வார்த்தைப்பாட்டோடு, ஏழையரில் ஏழையருக்கு முழுமனதோடு இலவசமாகப் பணி செய்வேன் என்ற நாலாவதும் அவர்களுக்கு உண்டு. படிக்க வேண்டும், பட்டத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று உள்ளூர ஆசை இருக்கிறவள் அங்கே போய்த் தன்னை வருத்திக்கொள்ள வேண்டாம். அங்கே போகிறவளுக்கு அந்த நாலாவது வார்த்தைப்பாடு இனிக்க வேண்டும்.

கார்மேல் பற்றி அவள் பேசியபோது கண்ணில் தனி வெளிச்சம். நான் உள்ளே இருந்த காலத்தில் ஒரு கார்மேல் மடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். பார்வையாளர் அறையில் மரக் கம்பித் தடுப்பு, அந்தப் பக்கம் ஸ்டூலில் ஒரு வயசான மதர், காலில் சாதாரண ரப்பர் செருப்பு. ஒருத்தி கேட்டாள், "மதர், வெளிய போகணும்னு தோணாதா?" அவர் கொஞ்சம் யோசித்து, "மழை வர்ற சாயங்காலம் மட்டும் எங்க ஊர்க் கம்மாயைப் பாக்கணும்போல இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, அங்கெல்லாம் மழை பெய்ததா என்று விசாரித்தார். உலகத்தை வெறுத்து ஓடி வந்தவர் மழையைக் கேட்கமாட்டார் என்று எனக்கு அன்றைக்கே பட்டது. தெரேசம்மாளும் அப்படித்தான். 1888-ல் பதினைந்து வயசில் கார்மேலுக்குள் போய் 1897-ல் இருபத்துநாலு வயசில் இறந்தவர், மடத்தை விட்டு எந்த மறைபரப்பு நாட்டுக்கும் போகாதவர், அவரைத்தான் 1927-ல் மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலி ஆக்கினார்கள்.

ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். அடைபட்ட மடத்தில் வேலை என்ற மறைப்பே கிடையாது. வெளியில் வேலை செய்யும் சபையில் செபம் வறண்டுபோன நாளில் பிள்ளைகள் சிரிப்பு உன்னைத் தாங்கிப் பிடிக்கும். கார்மேலில் அதே பத்துப் பதினைந்து முகங்கள், அதே தோட்டம், அதே மணி. கூச்ச சுபாவம், கூட்டம் பிடிக்காது என்பதற்காகக் கார்மேல் பொருத்தம் என்று நினைப்பது பெரிய தப்பு. நாள் முழுக்க ஒரே சுவருக்குள் மற்றவர்களோடு இருக்க, மனிதர்களோடு ஒத்துப்போகத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் அதிகமாக. காலமும் நீளம்: 2018-ல் வந்த வத்திக்கான் விதிமுறைப்படி அடைபட்ட மடங்களில் சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் குறைந்தது ஒன்பது வருஷப் பயிற்சி. இது எனக்கு நல்ல விதியாகவே படுகிறது. அக்கா மகளிடம் நான் கேட்டது ஒன்றுதான், இப்போது வீட்டில், யாரும் பார்க்காதபோது, மணி அடிக்காதபோது, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து செபிக்கிறாயா என்று. அவள் பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் போன் பண்ணி, "சித்தி, பதினஞ்சு நிமிஷம்தான் முடியுது" என்றாள். அந்த நேர்மையே எனக்குப் போதும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, எங்கள் பக்கம் பலருக்குத் தெரியவே தெரியாது. மடத்துக்குப் போகாமல், சேலையோ சுடிதாரோ உடுத்திக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டே கடவுளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து வாழ்வது. 1947-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இப்படிப்பட்ட உலகு சார் அர்ப்பண அமைப்புகளைத் திருச்சபையில் முறைப்படி ஏற்றுக்கொண்டார். தனி ஆளாக, ஆயர் கையால் அர்ப்பணம் பெறும் கன்னியர் சடங்கும் 1970-ல் புதுப்பிக்கப்பட்டது. சம்பாத்தியம், வாடகை, வயசான காலத்துப் பாதுகாப்பு எல்லாம் அவரவர் பொறுப்பு. இது அழகான வழிதான். நம் ஊரில் இருபத்தெட்டு வயசுப் பெண் தனியாக வாடகைக்கு வீடு கேட்டால் என்னென்ன கேள்வி வரும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதும் தெரியும். சபையின் உடுப்பு பெண்ணுக்கு ஒரு மதிலும்கூட, இங்கே அந்த மதில் இல்லை. இருபத்தோரு வயசில் இதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை, முப்பதுக்கு மேல் யோசிக்கிறவர்கள் இதை முதலில் விசாரிக்கலாம்.

கல்யாணம் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். மடத்துக்குப் போவதால் கல்யாணத்தைக் குறைவாக நினைக்காதே, கல்யாணத்துக்குப் பயந்து மடத்துக்கும் போகாதே. நகை, சீர், பாத்திரம், வட்டிக்குப் பணம் என்று அக்காவும் அத்தானும் ராத்திரி கணக்குப் போடுவதை இந்தப் பிள்ளைகள் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூணு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவள் 'நான் மடத்துக்குப் போறேன்' என்று சொன்னால் அதில் எவ்வளவு அழைப்பு, எவ்வளவு அப்பாவின் கடன் என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அவளிடம் நேராகவே கேட்டேன்: "நாளைக்கே உங்கப்பாவுக்கு லாட்டரி விழுந்து எல்லாக் கல்யாணத்துக்கும் பணம் இருக்குன்னா, அப்பவும் போவியா?" யோசித்துத்தான் சொன்னாள், "போவேன்னு நினைக்கிறேன் சித்தி, ஆனா இப்ப இருக்கிற அவசரம் இருக்காது." அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கே அப்போது தெரிந்தது.

இங்கே இன்னொரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. தீர்க்க முடியாத கடன் உள்ளவர்களைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. இவள் பெயரில் கல்விக் கடன் ஓடுகிறது. அதை யார் கட்டுவது என்று தெரியாமல் ஜூனில் சேர்கிறேன் என்பது பேச்சே இல்லை. அதே சட்டத்தில் இன்னும் சில எண்கள் இருக்கின்றன, பெண்ணும் பெற்றோரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவை. பதினேழு வயசு முடியாமல் நவதுறவில் சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது பன்னிரண்டு மாசம், சபைகள் பெரும்பாலும் இரண்டு வருஷம் வைக்கின்றன. முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பதினெட்டு வயசாவது ஆகியிருக்க வேண்டும், அது மூன்று முதல் ஆறு வருஷத்துக்கு, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இருபத்தொன்று முடிந்திருக்க வேண்டும். நவதுறவில் இருக்கும்வரை எந்த நாளும் எழுந்து போகலாம், சபையும் அனுப்பலாம். முதல் வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போதும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே வரலாம். அந்தக் காலத்தின் நடுவில் வருவதானாலும், நித்தியத்துக்குப் பிறகு வருவதானாலும் மேலிடத்தின் அனுமதி வேண்டும். அப்புறம் இதையும் மறைக்காமல் சொல்கிறேன். வெளியே வருகிறவள் உள்ளே உழைத்த வருஷங்களுக்குக் கூலி கேட்க உரிமையில்லை. ஆனால் அவளிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சபைக்குச் சொல்கிறது. நடைமுறையில் அந்த அன்பு எப்படி இருக்கிறது என்பது சபைக்குச் சபை வேறுபடும், அதை விசாரித்து வை.

நான் வெளியே வந்த கதைக்கு வருகிறேன். நவதுறவில் ஆறாவது மாசம் எனக்குத் தூக்கம் போனது. எனக்குள் எல்லாம் அமைதியாக இருந்தது, வெறுப்பு யார்மேலும் இல்லை, ஆனால் இது என் வீடு இல்லை என்பது மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. அழைத்தலுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் சொன்னபோது, நற்செய்தி வசனத்தை எடுத்து, கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாய் என்றார். அந்த வார்த்தை என்னை நாலு வருஷம் தூங்கவிடவில்லை. திருச்சியிலிருந்து பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து தேவகோட்டையில் இறங்கினேன். அம்மா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் "மக வந்துட்டா" என்று மட்டும் சொன்னார். பஞ்சாயத்து அதோடு முடிந்தது என்று இல்லை. 'மடத்துல இருந்து வந்தவ' என்ற பேச்சு என் கல்யாணம் வரை ஓடியது.

பிற்பாடுதான் மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி சபையைத் தொடங்கிய பாடுகளின் மரியம்மாள் கதையை ஒழுங்காகப் படித்தேன். பிரான்சில் 1860-ல் அடைபட்ட மடமான ஏழைக் கிளாரா மடத்தில் சேர்ந்து உடம்பு முடியாமல் வெளியே வந்தவர். பிறகு வேறொரு சபையில் சேர்ந்து நம் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து, மாகாணத் தலைவியாக இருந்து, அதிலிருந்தும் 1876-ல் சுமார் இருபது சகோதரிகளோடு பிரிந்து ஊட்டிக்குப் போனவர். மூன்றாவது கதவில்தான் அவர் வீடு இருந்தது. 2002-ல் அவரை முத்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்திய படிக்கு, அறிவித்தார்கள். அன்னை தெரேசாவும் இருபது வருஷம் லொரேட்டோ சபையில் இருந்துவிட்டு 1948-ல் அங்கிருந்து வெளியே வந்தவர்தான். வெளியே வருவதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் இந்த இருவரையும் எங்கே வைப்பார்கள்? இதைச் சொன்னபோது அக்கா மகளின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது, போனால் திரும்ப முடியாது என்று நினைத்திருக்கிறாள்.

எப்படித் தெளிவது என்பதற்கு நான் நம்புகிற ஒரே முறை இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருடையது. 1521-ல் போரில் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது அவர் கவனித்தது சின்ன விஷயம். வீரதீரக் கனவுகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு வெறுமையாக விட்டுவிட்டுப் போயின. புனிதர்களைப்போல் வாழ்வது பற்றிய நினைப்போ, நினைத்து முடித்த பிறகும் இனிப்பாகவே தங்கியது. அந்தப் பின்ருசியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒரு வாரம் முழுக்க 'அந்தச் சபையில் சேர்ந்துவிட்டேன்' என்று தீர்மானித்தவள்போல் வாழ்ந்து, தினமும் ராத்திரி மனசு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்த வாரம் 'வரனுக்குச் சரி சொல்லிவிட்டேன்' என்று. அடுத்து கார்மேல், அடுத்து பி.எட். பகல் கனவு சொகுசாக இருந்ததா என்பது கணக்கில்லை, மூணு மணி நேரம் கழித்து என்ன மிஞ்சியது என்பதுதான் கணக்கு. அப்புறம் அவரே சொன்ன ஒரு விதி: மனசு இருண்டு கிடக்கிற நாளில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே. பரீட்சையில் மார்க் குறைந்த அன்றும், வீட்டில் சண்டை வந்த அன்றும் மடத்துக்குப் போகலாம் என்று தோன்றுவதை அழைப்பு என்று எழுதாதே. நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, தோழிகளோடு சிரித்துவிட்டு வந்த நாளிலும் அந்த நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்கிறதா என்று பார். இன்னொன்று, முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து கேட்டால் அவளுக்கு நீ என்ன சொல்வாயோ அதை உனக்குச் சொல்லிப் பார்.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு ஓரியூருக்குப் போனேன். எங்கள் வீடுகளில் எந்தப் பெரிய முடிவுக்கும் முன்னால் அங்கே போவது வழக்கம், செம்மண் எடுத்து வந்து வீட்டில் வைப்போம். அங்கே உயிர்விட்ட போர்ச்சுக்கல் நாட்டுக் குரு அருளானந்தர் கதை அவளுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். ஆனால் நடுவில் வரும் பகுதியை நாங்கள் யாருமே நிறுத்திப் பார்த்ததில்லை. 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, சாவின் பக்கம் போய்த் திரும்பியவர் அவர். அதற்கப்புறம் போர்ச்சுக்கல் போனார். அரசர் அவரைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். சின்ன வயசில் அரண்மனைப் பணியில் வளர்ந்தவருக்கு அங்கே எல்லாம் தெரிந்த இடம், சௌகரியமான இடம். அதை விட்டுவிட்டு அடிபட்ட இதே மண்ணுக்குத் திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் வெட்டுப்பட்டார். முதல் தடவை வந்தபோது அவருக்கு இந்த ஊர் தெரியாது. இரண்டாவது தடவை வந்தவர் எல்லாம் தெரிந்து வந்தவர். "அப்ப ரெண்டாவது தடவை வந்ததுதான் சித்தி உண்மையான வார்த்தைப்பாடு" என்றாள் அவள், மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே. நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

போய்த் தங்கிப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. 'வந்து பார்' முகாம் மட்டும் போதாது, அதில் பாட்டும் விளையாட்டும் பாயசமும்தான் தெரியும். முகாம் இல்லாத சாதாரண பத்து நாளில் போக வேண்டும். நாலு மணிக்கு மேல் கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன மடத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலு சிஸ்டர்கள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். எண்பது வயசு சிஸ்டர் ஒருவர் அன்றைக்கு மூணாவது தடவையாக ஒரே கதையைச் சொல்ல, இளையவர் முதல் தடவை கேட்பதுபோல் "அப்புறம் என்னாச்சு சிஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அந்த வீட்டில் சேரலாம் என்று நினைத்தேன். வேறொரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் மௌனமாக இருந்தார்கள், அது செபத்தின் மௌனம் இல்லை என்று கரண்டி வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. இன்னொன்று, சமையலுக்கு வருகிற அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்கள், அவருக்கு எந்தத் தட்டில் சாப்பாடு போடுகிறார்கள் என்று கவனி. ஏழைகளுக்காக என்று மதிலில் எழுதியிருப்பதை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். உன் உடம்பு விஷயத்தையும், தைராய்டு மாத்திரை போடுவதையும், முன்னால் ஒரு பையனைப் பிடித்திருந்ததையும் மறைக்காமல் சொல். மறைத்துச் சேர்ந்தால் சேர்ந்த நாளிலிருந்தே பயந்து வாழ வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பேசிய பிறகு என் அபிப்பிராயம் என்ன என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அழைப்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். நோட்டில் சபை வாரத்தின் ராத்திரிகளில் எழுதிய வரிகள்தான் மற்ற மூன்றையும்விடச் சாதாரணமாக, அமைதியாக இருந்தன. கார்மேல் வாரத்தில் பெரிய பெரிய வார்த்தைகள், ஐந்தாவது நாள் வெறும் பக்கம். வரன் வாரத்தில் அவள் எழுதியது முழுக்க அம்மாவின் சந்தோஷத்தைப் பற்றித்தான், அந்தப் பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. அது அந்தப் பையனுக்கும் நியாயமில்லை. கடிதம் வந்த அதே சபைதானா என்பது எனக்கு நிச்சயமில்லை, அவர்கள் ஜூனிலேயே வா என்று அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையான அழைப்பு ஒரு வருஷம் பொறுத்தால் கெட்டுப்போகாது. பி.எட். சேர்ந்து, கடனில் ஒரு பங்கைக் கட்டி, அதற்குள் இரண்டு சபைகளிலாவது தங்கிப் பார்த்துவிட்டுப் போனால், போகிறவள் முழு ஆளாகப் போவாள். பதினேழு வயசில் பெட்டியோடு போன நான் அப்படிப் போகவில்லை.

அக்காவிடம் சொன்ன ராத்திரி கஷ்டமாகத்தான் இருந்தது. அக்கா அழுதாள், பேரப்பிள்ளை என்றாள், ஊர் என்ன சொல்லும் என்றாள், கடைசியில் "உன்னை மாதிரி திரும்பி வந்துட்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "வந்தா நம்ம அம்மா மாதிரி போய்ப் பெட்டியை வாங்கிக்க" என்றேன். அத்தான் ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவரே பங்குச் சாமியாரைப் பார்த்து ஞானஸ்நானச் சான்றிதழுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மே முதல் வாரம் பத்து நாள் திருச்சியில் ஒரு சபையில் தங்கப் போகிறாள், பிறகு இன்னொன்றில். கல்விக் கடன் பாக்கி எவ்வளவு என்று பேங்கில் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். வரன் வீட்டாருக்கு அத்தானே போன் பண்ணி, பொண்ணு இப்ப கல்யாண யோசனையில் இல்லை, நீங்க காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.